ரவிக்கைத் துணியும் கிரேஸி குவில்ட்டும்

கிரேஸி குவில்ட் என்பது வடிவ ஒழுங்கு இல்லாத துணித் துண்டுகளை ஓர் அடித்துணியின்மேல் அடுத்தடுத்துப் பொருத்தித் தைத்து, துண்டும் துண்டும் சேரும் ஒவ்வொரு கோட்டின்மீதும் எம்பிராய்டரி செய்து முடிக்கும் விரிப்பு. மற்றக் குவில்ட்டுகளில் சதுரம், முக்கோணம், அறுகோணம் என்று அளந்து வெட்டிய துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து நூலோட்டுவார்கள். கிரேஸி குவில்ட்டில் அந்த அளவும் கிடையாது, பெரும்பாலும் பஞ்சும் கிடையாது. பட்டு, வெல்வெட், சாட்டின், ரிப்பன் எல்லாம் அதில் இடம்பிடிக்கும். குளிருக்குப் போர்த்திக்கொள்ள அது உதவாது, துவைக்கவும் முடியாது. வரவேற்பறையில் விரித்துவைத்துப் பார்க்கவும், வேண்டியவர் ஒருவருக்குக் கொடுக்கவுமே பெரும்பாலும் செய்யப்பட்டது.

செய்முறை எளிமையானது. காடாத் துணியில் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, அதன் நடுவிலிருந்து சற்றே தள்ளி, ஐந்து பக்கமுள்ள துண்டு ஒன்றை வைப்பார்கள். அதன் ஒரு பக்கத்தின்மேல் அடுத்த துண்டைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, வெளிப்பக்கமாக மடித்து இஸ்திரி போட வேண்டும். பிறகு அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று காடா கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை சுற்றிச் சுற்றிப் போகும். நான்கு பக்கத் துண்டில் தொடங்கினால் கை தானாகவே கட்டம் கட்டமாக அடுக்க ஆரம்பித்துவிடும் என்பதால்தான் ஐந்து பக்கம். பாரத்தையெல்லாம் அடித்துணி தாங்கிக்கொள்வதால் மெல்லிய பட்டையும் தடித்த வெல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். துணியின் நேர்நூல், குறுக்குநூல் பார்க்கத் தேவையில்லை. தையல் தெரிந்தவர் யாரும் ஒரு மாலையில் ஒரு சதுரத்தை முடித்துவிடலாம். அதன்மேல் போடும் எம்பிராய்டரிதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு கோட்டின்மீதும் ஃபெதர் ஸ்டிச், ஹெர்ரிங்போன், பட்டன்ஹோல், சங்கிலித் தையல் என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடும். அவற்றின் நுனிகளில் பிரெஞ்சு முடிச்சும் லேஸி டெய்ஸிப் பூவும் உட்காரும். முழு அளவுக் குவில்ட் ஒன்றுக்கு 1,500 மணி நேரம் ஆகலாம் என்று 1884இல் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை கணக்கிட்டது.

இந்த மோகம் அமெரிக்காவில் கிளம்பியது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சியை ஒரு கோடிப் பேர் அளவுக்குப் பார்த்தார்கள். ஜப்பானியக் கூடத்தில் வைத்திருந்த பொருள்களின் சமச்சீரற்ற வடிவமைப்பும், மெருகில் மயிரிழை விரிசல் ஓடிய பீங்கான்களும் அங்கே பெரிய ஈர்ப்பு. லண்டன் ராயல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் நீடில்வொர்க் அனுப்பிய எம்பிராய்டரிகளும் அதே கண்காட்சியில் இருந்தன. இரண்டும் சேர்ந்துதான் கிரேஸி குவில்ட்டைத் தூண்டின என்பது பொதுவான கருத்து. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, டேமர் நார்த் என்பவர் 1877 வாக்கில் செய்த குவில்ட், காலம் தெரிந்தவற்றுள் மிக முந்தியவற்றில் ஒன்று. ஆனால் ரசனை மாத்திரம் ஒரு மோகத்தை நடத்திவிடாது. நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகர ஆலைகள் அந்தப் பத்தாண்டுகளில் பட்டைப் பெருமளவில் உற்பத்தி செய்ததால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. பட்டுத் துண்டுகளை மூட்டையாகக் கட்டித் தபாலில் விற்ற நிறுவனங்கள் இருந்தன. ஆடை வாங்குவதுபோல் பாவனை செய்து, மாதிரித் துண்டு கேட்டுக் கடைகளுக்குக் கடிதம் போட்ட பெண்களும் இருந்தார்கள். கடைக்காரர்களின் பாடு பத்திரிகைகளுக்கு நகைச்சுவையானது. 1880களின் இறுதியில் நாகரிக உலகம் சலித்துக்கொண்டது. பருத்தியிலும் கம்பளியிலும் கிராமத்துப் பெண்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள்.

நட்புக்காகச் செய்யும் குவில்ட் இதைவிட மூத்தது. 1840களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஊர்விட்டு மேற்கே குடிபெயரும் பெண்ணுக்குச் சிநேகிதிகள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் பெயரெழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. துணியை அரிக்காத, துவைத்தாலும் போகாத மை அப்போது கடையில் கிடைக்கத் தொடங்கியதும் ஒரு காரணம். கிரேஸி குவில்ட் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு, மைக்குப் பதில் நூலால் பெயரெழுதியது. ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவரின் திருமண உடையிலிருந்தோ கழுத்துப்பட்டையிலிருந்தோ வந்ததாக இருக்கும். பக்கத்தில் முதலெழுத்தும் ஆண்டும். விசிறி, ஆந்தை, சிலந்தி வலை போன்ற உருவங்களுக்கு இடையே இந்த எழுத்துகளைத் தேடிப் படித்தால் ஒரு பெண்ணின் பழக்க வட்டம் முழுவதும் தெரியவரும். கடிதமோ நாட்குறிப்போ விட்டுச்செல்லாத பெண்கள் பலரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஆவணம் இதுதான் என்பதால் வரலாற்றாசிரியர்கள் இப்போது இவற்றைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

ஒட்டுத்துணி வேலைக்கும் சென்னைக் கரைக்கும் உள்ள உறவு இதற்கெல்லாம் முந்தியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் வரையுள்ள சோழமண்டலக் கரையில், காரம் தீட்டிச் சாயவேரில் தோய்த்துச் செய்த பூத்துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. பாலம்போர் என்று அங்கே பெயர்பெற்ற படுக்கை விரிப்புகளும் அவற்றில் அடக்கம். இங்கிலாந்தின் நெசவாளர்கள் எதிர்த்ததால் 1701 முதல் இந்த அச்சுத்துணிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது; 1721ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும்கூடத் தடுத்தது; 1774இல்தான் அது நீங்கியது. கிடைக்காத பொருளின் துண்டுக்கும் மதிப்பு ஏறும். கம்பிரியாவின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708 வாக்கில் செய்ததாகச் சொல்லப்படும் ஒட்டுத்துணிப் படுக்கை விரிப்பு, இங்கிலாந்தில் எஞ்சியவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அதன் துண்டுகள் இந்தியப் பூத்துணிகள். பூத்துணியிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் தைக்கும் ஒரு தனி வேலைப்பாடும் இதே ஆசையிலிருந்து வளர்ந்தது. மேலைநாட்டுக் குவில்ட்டின் முதல் அத்தியாயத்துக்குச் சோழமண்டலக் கரை துணி கொடுத்தது என்று சொல்வது மிகையாகாது.

அந்தத் துணியை நெய்து சாயமிட்ட ஊர்களில் குவில்ட் வளரவில்லை. சென்னையில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பஞ்சு வைத்த போர்வைக்கு இங்கே வேலையில்லை. வங்கத்தின் காந்தா, மகாராஷ்டிரத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி, சிந்து, கச்சுப் பகுதிகளின் ரல்லி என்று இந்தியத் துணைக்கண்டத்தின் பழந்துணி விரிப்பு மரபுகள் சற்றேனும் குளிரும் ஊர்களில் செழித்தன. பரிசுப் பொருளாக இவற்றுள் புகழ்பெற்றது காந்தா. நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் தைத்து, மருமகனுக்கும் மகனுக்கும் சிநேகிதிக்கும் கொடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகச் செய்து, அதைத் தையலிலேயே எழுதியும் வைத்த காந்தா கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் ஒட்டுவேலை கோயிலைச் சுற்றியே நின்றது. தேர்களின் நாற்புறமும் உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் வண்ணத் துணிகளை வெட்டித் தைத்த வேலைகளே. தஞ்சாவூர் இதற்குப் பேர்போனது. பங்குனித் திருவிழாவின்போது மயிலாப்பூர் மாடவீதிகளிலும் இவற்றைப் பார்க்கலாம். யாளியும் அன்னமும் தாமரையும் கச்சிதமாக வெட்டி ஒட்டிய இவற்றில் செய்தவர் பெயரும் இருக்காது, துணி வந்த கதையும் இருக்காது. கிரேஸி குவில்ட்டுக்கு உயிரே அந்த இரண்டும்தான்.

துணி பெண்களுக்கிடையே கைமாறும் வழக்கம் தென்சென்னையில் வேறோர் உருவில் இருக்கிறது. நவராத்திரியின் ஒன்பது நாள்களும் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் கொலு பார்க்க வரும் பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழத்தோடு பிளவுஸ் பிட் ஒன்றையும் வைத்துக் கொடுப்பார்கள். வரலட்சுமி நோன்பு, வளைகாப்பு, சுமங்கலிப் பிரார்த்தனை என்று மற்ற சந்தர்ப்பங்களும் உண்டு. பிட்டின் அளவு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். இப்போது புடவைகள் பலவற்றோடு ரவிக்கைத் துணியும் சேர்ந்தே வருவதால் தனிப் பிட்டுக்குத் தேவை குறைந்துவிட்டது. கொடுப்பது மட்டும் குறையவில்லை. விளைவு எல்லாரும் அறிந்தது. வாங்கிய பிட்டை அலமாரியில் வைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அங்கிருந்து அது வேறொரு வீடு போய், இரண்டு நவராத்திரி கழித்து முதலில் கொடுத்தவரிடமே திரும்பி வருவதும் நடக்கும். மயிலாப்பூர் நகைச்சுவையில் இதற்கு நிரந்தர இடம் உண்டு.

மானிடவியலில் இது தெரிந்த விஷயம். பரிசுப் பொருள் நகர்ந்துகொண்டிருக்கும்வரை உறவும் நகர்கிறது. பொருளின் பயன் இரண்டாம்பட்சம். பசிபிக் தீவுகளில் சங்கு வளையங்களும் கழுத்தணிகளும் தீவு தீவாகச் சுற்றியதை மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922இல் விரிவாக எழுதினார். பிளவுஸ் பிட்டும் அந்தச் சாதிதான். ஒரே ஒரு வேறுபாடு: தீவுகளில் பொருளுக்குப் பெயரும் வரலாறும் உண்டு, யார் யார் கையில் இருந்தது என்பது நினைவில் இருக்கும். பிளவுஸ் பிட்டிலோ யார் கொடுத்தது என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும். கிரேஸி குவில்ட் இந்த ஓட்டத்தை நிறுத்தும் ஓர் உபாயம். கத்தரி பட்ட துணியை இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்க முடியாது. கொடுத்தவரின் பெயரோ முதலெழுத்தோ அதன்மேல் ஏறிவிட்டால் அந்தப் பிட் தன் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இங்கே இதைப் பரிசாகச் செய்ய நினைப்பவர் சில வழக்கங்களோடு மோத வேண்டியிருக்கும். ஒட்டுப்போட்ட துணி தமிழ்க் குடும்பங்களில் ஏழ்மையின் அடையாளம். அதை ஒருவருக்குக் கொடுப்பது அவமதிப்பாகவே படும். மங்கலக் காரியத்துக்குக் கொடுக்கும் துணி புதிதாக, ஓரத்தில் மஞ்சள் தடவியதாக இருக்க வேண்டும். கறுப்பு ஆகாது. அமெரிக்கக் குவில்ட்டுகளில் மற்ற நிறங்களை எடுத்துக்காட்டுவதே கறுப்பு வெல்வெட் என்பதால் இது சிறிய சிக்கல் அல்ல. மயில்கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ நிறங்களைக் கொண்டு அந்த ஆழத்தை வரவழைத்துவிடலாம். பழந்துணியைப் பற்றிய தயக்கத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடாமல், பாட்டியின் நைந்த புடவையிலோ வேட்டியிலோ சுற்றுவது பல வீடுகளின் வழக்கம். தொட்டிலில் விரிக்கப் பழம்புடவையை நான்காக மடித்துத் தைத்ததும் ஒருவகை விரிப்பே. ஆகவே நண்பரின் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று சொல்லிச் செய்தால் ஒட்டுத்துணிப் பரிசுக்கு எதிர்ப்பு இராது. ஆனால் குழந்தையின் துணியைத் துவைத்தாக வேண்டும். ஆகவே பட்டும் ஜரிகையும் வேண்டாம், பருத்தி மட்டும் போதும்.

பெரியவர்களுக்கான பரிசு என்றால் காஞ்சிபுரம் பட்டைத் தவிர்ப்பது கடினம். 1928இல் தொடங்கிய நல்லியை அடுத்துப் பல பட்டுக்கடைகளும் பெருகிய தி. நகரில், மூன்று தலைமுறைப் புடவை இல்லாத வீடு குறைவு. பழம்புடவைகளின் முடிவு பெரும்பாலும் பரிதாபமானது. ஜரிகையில் வெள்ளி இருப்பதால் பழைய பட்டை எடைக்கு வாங்கி எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் நகரெங்கும் இருக்கிறார்கள். புடவை ஆறு கெஜமோ ஒன்பது கெஜமோ, கையில் வருவது வெள்ளியின் விலை மட்டும். தலைப்பு கிழிந்தாலும் உடல் நன்றாக இருக்கும் புடவையை எரிக்கக் கொடுப்பதைவிடத் துண்டுபோடுவது மேல் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

காஞ்சிப் பட்டு கிரேஸி வேலைக்குத் தனக்கென்று ஒரு வசதியைக் கொண்டுவருகிறது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம்; தனித்தனி நாடாக்களால் நெய்து தறியிலேயே கோத்துச் சேர்ப்பார்கள். வெட்டும்போது அந்தக் கோர்வைக் கோட்டைத் துண்டுக்கு உள்ளே விட்டால், ஒரே துண்டில் இரண்டு நிறமும் ஒரு ரம்பப்பல் வரிசையும் கிடைக்கும். அதற்கு மேல் எம்பிராய்டரி வேண்டியதில்லை. கரையில் இருக்கும் ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு, வங்கி ஆகியவை விக்டோரியா காலத்து ஆந்தைக்கும் விசிறிக்கும் சமமான உருவக் களஞ்சியம். நிறமும் கதை சொல்லும். காஞ்சிபுரத்தின் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய ‘எம்.எஸ். புளூ’ என்ற நீலத்தின் ஒரு துண்டு போதும், அந்தப் புடவை எந்தத் தலைமுறைக்கு உரியது என்று சென்னைப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். கஷ்டமும் உண்டு. ஜரிகை அடர்ந்த துண்டு கனத்து, பக்கத்திலுள்ள மெல்லிய துணியை இழுக்கும். ஊசி குத்திய இடத்தில் ஜரிகை பிரியும். அதனால் அத்தகைய துண்டின் நடுவே தைக்காமல், ஓரத்தில் நூலைக் கிடத்தி மேலே சின்னத் தையலால் பிடித்துக்கொள்வது நல்லது. எம்பிராய்டரி நூலுக்கு அலைய வேண்டியதில்லை. எட்டு மீட்டர், ஆறு இழை கொண்ட ஆங்கர் சிட்டங்கள் தையல் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நட்புக் குவில்ட்டை ஒருவரே செய்து கொடுக்கலாம். பலர் சேர்ந்து செய்யும் முறையே சுவையானது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் எம்பிராய்டரி இல்லாத ஒரு சதுரத்தைத் தைத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். வந்த சதுரத்தில் ஒரு பகுதியை மட்டும் அலங்கரித்து மூன்றாமவருக்கு அனுப்ப வேண்டும். ஆறு சுற்று முடிந்ததும் தன் சதுரம் மற்ற ஐவரின் கைவேலையோடு திரும்பி வரும். ஒருவர் தையல் நெருக்கமாக இருக்கும், இன்னொருவருடையது தொளதொளவென்று. ஒருவர் மல்லிகைப் பூவாகப் போட்டுத் தள்ளுவார், ஒருவர் கோலப் புள்ளிகளோடு நிறுத்திக்கொள்வார். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கூடாது என்பது எழுதாத விதி. ஒரே கையின் சீரான வேலை வேண்டுமென்றால் கடையில் ஆரி வேலை செய்பவரிடம் கொடுத்துவிடலாமே. சென்னையில் குவில்ட் வேலைக்கென்று வகுப்புகளும் குழுக்களும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உருவாகியுள்ளன. 2019இல் இந்தியக் குவில்ட் விழாவும் இங்கே நடந்தது. பஞ்சில்லாத கிரேஸி வேலை இந்த ஊர் வெக்கைக்கு மற்ற வகைகளைவிடப் பொருந்தும். சுவரில் மாட்டலாம், கொலுப்படிக்குப் பின்னால் திரையாகக் கட்டலாம், சிறியதாகச் செய்து திண்டுறை ஆக்கலாம்.

எல்லாக் குவில்ட் வகைகளிலும் சீக்கிரம் அழிவது இதுவே என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டுப்புழுப் பட்டின் பசையை வெந்நீரில் நீக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். இழந்த எடையை ஈடுகட்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு உற்பத்தியாளர்கள் பட்டை இரும்பு, வெள்ளீய உப்புகளில் ஊறவைத்தார்கள். துணி கனமாக, சரசரவென்று இருந்தது. நல்ல விலைக்கும் போனது. அந்த உப்புகள் இழையை உள்ளிருந்து அரித்தன. யாரும் தொடாமலேயே நெடுகக் கீறல் விழுந்து தூளாக உதிரும் துண்டுகளை அக்காலக் குவில்ட்டுகளில் காணலாம். சுற்றிலும் இருக்கும் எம்பிராய்டரி அப்படியே நிற்க, உள்ளே துணி மட்டும் காணாமல் போயிருக்கும். சீர்செய்ய வழியில்லை; மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தித் தைத்து உதிர்வதைத் தடுக்க மட்டுமே அருங்காட்சியகங்களால் முடிகிறது.

சென்னையில் எதிரிகள் வேறு. கடற்காற்றின் ஈரத்தில் ஜரிகை கறுக்கும். பட்டை அரிக்கும் பூச்சிகளும் வெள்ளிமீன் பூச்சியும் அலமாரியில் எப்போதும் உண்டு. பட்டுப்புடவைக்கு வீடுகளில் கடைப்பிடிக்கும் முறையே இதற்கும் பொருந்தும்: துவைத்துக் கஞ்சி நீக்கிய பழைய மல் வேட்டியில் சுற்றுவது, அந்துருண்டைக்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு வேறு மடிப்பில் மடிப்பது. பிளாஸ்டிக் உறை கூடாது.

முடித்த குவில்ட்டின் பின்பக்கத்தில் ஒரு சீட்டுத் துணி தைப்பது வழக்கம். செய்தவர்கள், பெற்றவர், ஊர், ஆண்டு, எந்தத் துண்டு யாருடையது என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள் செய்த குவில்ட்டுகள். கனடியப் பெண் எதெல் மல்வனியின் யோசனைப்படி, ஆளுக்கு ஆறு அங்குலத் துணியில் தன்னைக் காட்டும் ஏதாவது ஒன்றைத் தைத்துப் பெயரிட வேண்டும் என்பது ஏற்பாடு. குவில்ட்டுக்கு 66 சதுரம், மொத்தம் மூன்று குவில்ட். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியப் படைவீரர்களுக்கு என்று அவை குறிக்கப்பட்டன. வேறு சிறைகளில் இருந்த கணவர்களுக்கு, தாங்கள் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கும் வழியாகவும் அந்தப் பெயர்கள் பயன்பட்டன. இரண்டு குவில்ட்டுகள் இப்போது கான்பராவின் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. ஆஸ்திரேலியக் குவில்ட்டின் பின்பக்கத்தில், யார் யாருக்குக் கொடுப்பது என்பதையும், போர் முடிந்ததும் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இதைச் சேர்ப்பிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் தைத்துவிட்டு, அதன் கீழே, இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்றும் அவர்கள் சேர்த்திருக்கிறார்கள்.